பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? அமெரிக்க அரசியலில் தாய்மாரும் பெண்களின் தீர்ப்பும்

சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தேர்தலில் நிற்கும் அமெரிக்கப் பெண்ணை விடாமல் துரத்தும் கேள்வி, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பது. ஆண்களும் இதைக் கேட்கிறார்கள். பெண்கள் கேட்கும்போது கேள்விக்குக் கூர்மை கூடிவிடுகிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் காலை எட்டு மணிக் கூட்டத்தில் மூளை ஓடாது என்பதெல்லாம் பட்டறிந்தவர்கள் அவர்கள். பெண்கள் இன்னொரு பெண்ணை இப்படி மதிப்பிடுவதைப் ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது சோம்பல் விளக்கம். வேலைக்குப் போகும் தாய்மார் தங்களில் ஒருத்தியை எடைபோடும்போது அதில் உழைப்பைப் பற்றிய அறிவும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. பல நேரம் இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதுதான் சிக்கல்.

1972 நவம்பரில் கொலராடோவின் டென்வர் தொகுதியிலிருந்து பாட் ஷ்ரோடர் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானபோது அவர் மகனுக்கு வயது 6, மகளுக்கு 2. பெண்ணிய அரசியலின் முன்னணிக் குரலான நியூயார்க் உறுப்பினர் பெல்லா அப்ஸக், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது என்று அப்போது தம்மிடம் சொன்னதாக ஷ்ரோடர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அப்ஸக்கும் தாய்தான், ஆனால் அவர் சபைக்குள் நுழைவதற்குள் அவருடைய இரண்டு மகள்களும் வளர்ந்துவிட்டார்கள். அவர் சொன்னதில் வன்மம் ஏதுமில்லை. நள்ளிரவுவரை நீளும் வாக்கெடுப்புகளையும் தொகுதிக்கும் தலைநகருக்குமான அலைச்சலையும் அறிந்த ஒருவரின் கணிப்பு அது. கணிப்பு தவறிவிட்டது: ஷ்ரோடர் 24 ஆண்டுகள் சபையில் இருந்தார். குடும்ப விடுப்புக்கான மசோதாவை 1985இல் முதலில் கொண்டுவந்தவரும் அவரே. அது சட்டமாக 1993 ஆயிற்று. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களில் 12 வார விடுப்பு, அதுவும் சம்பளமில்லாமல். ‘உன்னால் முடியாது’ என்று அப்ஸக் சொன்னதற்குக் காரணமாக இருந்த நிலைமையை மாற்றத்தான் ஷ்ரோடர் இத்தனை காலம் மல்லுக்கட்டினார் என்றும் இதைப் படிக்கலாம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஜேன் ஸ்விஃப்ட் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. 1998இல் துணை ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது அவர் கர்ப்பிணி. வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களுக்கு முன் மூத்த மகள் பிறந்தாள். வென்று பதவியேற்ற பிறகு இரண்டு புகார்கள் கிளம்பின. அலுவலக ஊழியர்களைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்தார் என்பது ஒன்று. நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையின்போது, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று, காவல்துறை ஹெலிகாப்டரில் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருந்த வீட்டுக்குப் பறந்தார் என்பது மற்றொன்று. ஊழியர் விவகாரத்தில் மாநில நெறிமுறை ஆணையம் அவருக்கு 1,250 டாலர் அபராதம் விதித்தது. 2001 ஏப்ரலில் ஆளுநர் தூதராகிக் கனடாவுக்குப் போக, ஸ்விஃப்ட் பொறுப்பு ஆளுநரானார். மறுமாதமே இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. பதவியில் இருக்கும்போது பிள்ளை பெற்ற முதல் அமெரிக்க ஆளுநர் அவர். பிரசவத்துக்கு முன் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே தொலைபேசி வழியாக ஆளுநர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க, அது செல்லுமா என்ற சர்ச்சையும் சேர்ந்துகொண்டது.

இங்கே எழுந்த கண்டனங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலதிகாரி கைக்குழந்தையை நீட்டி ‘கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்றால், முடியாது என்று சொல்ல எந்த உதவியாளருக்கும் வாய் வராது. ஹெலிகாப்டரும் அப்படித்தான். விடுமுறை நெரிசலில் காய்ச்சல்காரப் பிள்ளையை நினைத்துக்கொண்டு காரில் ஊர்ந்த தாய்மார் அந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். பொதுச் சொத்தும் பதவியின் அதிகாரமும் சம்பந்தப்பட்ட இந்த இரண்டையும் பெண்கள் கேட்டது நியாயம். ஒரு தந்தை செய்திருந்தாலும் தப்பு தப்புதான். இரட்டைக் குழந்தைகளோடு ஆட்சி நடத்த முடியுமா என்ற கேள்வி வேறு வகை. அவருடைய கணவர் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். அந்தத் தகவல் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் கேள்வி அடங்கவில்லை. 2002 மார்ச்சில், ஆளுநர் தேர்தலுக்கான கருத்துக் கணிப்புகளில் சொந்தக் கட்சிக்காரரான மிட் ராம்னி வெகுவாக முந்திவிட்ட நிலையில், ஸ்விஃப்ட் போட்டியிலிருந்து விலகினார். ஐந்து மகன்களின் தந்தையான ராம்னியிடம் யாரும் இதைக் கேட்கவில்லையே என்று சிலர் வாதிடுவதுண்டு. ராம்னியின் பிள்ளைகள் அதற்குள் தலையெடுத்துவிட்டார்கள் என்பதால் அந்த ஒப்பீடு அவ்வளவாக ஒட்டவில்லை.

ஒட்டும் ஒப்பீடு 2008இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயின், அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். பேலினுக்கு ஐந்து பிள்ளைகள். கடைக்குட்டிக்கு நாலு மாதம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. பிரசவமான சில நாட்களிலேயே அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். செப்டம்பர் 1 அன்று, 17 வயது மகள் கருவுற்றிருக்கும் செய்தியைக் குடும்பமே வெளியிட்டது. செப்டம்பர் 3 இரவு செயின்ட் பால் நகர மாநாட்டில் பேலின் பேசிக்கொண்டிருக்க, கைக்குழந்தை பார்வையாளர் வரிசையில் மடி மாறி மடி மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஏழு வயது மகள் தன் உள்ளங்கையை நக்கி, அந்த ஈரத்தால் தம்பியின் முடியைப் படிய வைத்ததைத் தொலைக்காட்சி நாடு முழுவதும் காட்டியது. பாசமுள்ள குடும்பம் என்று அதை ரசிக்கலாம். தாய் செய்ய வேண்டியதைச் சின்னப் பெண் செய்கிறாளே என்றும் நினைக்கலாம். யார் எதை நினைத்தார்கள் என்பது பெரும்பாலும் அவரவர் கட்சியைப் பொறுத்ததாக இருந்தது.

இந்த மதிப்பீட்டின் மிகப் பெரிய பலவீனம் இங்கேதான் வெளிப்பட்டது. பெண்ணின் இடம் வீடு என்ற பக்கத்தில் நின்று, ஆண் பெண் சம உரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தத்தை எதிர்த்து 1970களில் இயக்கம் நடத்திய ஃபிலிஸ் ஷ்லாஃப்லி, பேலினுக்கு ஆதரவாக நின்றார். ஆறு பிள்ளைகளைப் பெற்று ஓயாமல் ஊர் ஊராகப் பேசப் போனவர் என்ற வகையில் அதில் அவருக்கு முரண் தோன்றாமல் இருந்திருக்கலாம். மறுபக்கம், வேலைக்குப் போகும் தாயைக் குறை சொல்லாதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிய தாராளவாத முகாமிலிருந்தே, இப்படிப்பட்ட குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போகிறார் என்ற குரல்கள் எழுந்தன. வாஷிங்டன் போஸ்ட் இதழின் சாலி க்வின் அப்படி எழுதியவர்களில் ஒருவர். தன் கொள்கையிலிருந்து நகராதவர் என்றால் வானொலிப் பேச்சாளர் லாரா ஷ்லெசிங்கரைத்தான் சொல்ல வேண்டும். பழமைவாதியாக இருந்தும், சின்னப் பிள்ளைகளின் தாயைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று தம் தரப்பையே கண்டித்தார். அவர் அளவுகோல் கோணல், ஆனால் யாருக்காகவும் வளையவில்லை. பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் வேறு வழியில் போனார். தேர்வான ஒரு வாரத்துக்குள் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் பேலினை எதிர்த்து எழுதிய அவர், தொட்டிலைத் தொடாமல் கருக்கலைப்பு உரிமை உள்ளிட்ட கொள்கைகளை எடுத்துக்கொண்டார். கடுமையான கட்டுரைதான். ஆனால் அரசியல்வாதி பதில் சொல்லக்கூடிய, சொல்லியாக வேண்டிய கடுமை அது.

அதே தேர்தலில் எதிரணியின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ பைடன். 1972 டிசம்பரில் மனைவியையும் மகளையும் சாலை விபத்தில் இழந்து, அடுத்த மாதமே செனட் உறுப்பினராகப் பதவியேற்றபோது அவர் கையில் மூன்று வயதிலும் இரண்டு வயதிலும் மகன்கள் இருந்தார்கள். தினமும் ரயிலில் வில்மிங்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போய்வந்து அவர்களை வளர்த்தது, அவர் அரசியல் வாழ்வின் பெருமைக்குரிய கதையாயிற்று. உரியதுதான். பராக் ஒபாமாவின் மகள்களுக்கு அப்போது வயது 10, 7. அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பது தேர்தல் பிரச்சினையாகவே ஆகவில்லை. 2015இல் பால் ரயன், வார இறுதிகளைக் குடும்பத்துக்கு ஒதுக்க விட்டால்தான் சபாநாயகர் பதவியை ஏற்பேன் என்று நிபந்தனை போட்டார். பெண் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் பதவி கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். ஷெல்லி கரெலும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சாய்வை அளந்து காட்டியது. தகுதியில் வேறுபாடில்லாத விண்ணப்பங்களில் தாய் என்று தெரிந்தால் திறமை மதிப்பெண்ணும் தொடக்கச் சம்பளமும் குறைந்தன. தந்தை என்று தெரிந்தால் குறையவில்லை. மதிப்பிட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த மதிப்பீட்டை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பேலின் விஷயத்தில் பல தாய்மாரை உறுத்தியது அவருடைய பாசம் எவ்வளவு என்பதல்ல. பிரசவம் முடிந்த கையோடு வேலைக்கு வரலாம் என்று ஓர் ஆளுநர் காட்டிவிட்டால், ஆறு வாரம் கேட்கும் கடைச் சிப்பந்தியின் கதி என்ன என்பதே. ஆளுநர் தம் அறைக்கே தொட்டிலைக் கொண்டுவரலாம். கல்லாவில் நிற்பவரால் ஆகாது. பிரான்சிலும் 2009 ஜனவரியில் இதே வாதம் எழுந்தது. நீதியமைச்சர் ரஷீதா தாத்தி அறுவைப் பிரசவமாகி ஐந்தாம் நாள் அமைச்சரவைக் கூட்டத்துக்கு வந்தார். 16 வார விடுப்பைப் போராடிப் பெற்ற நாட்டில், முதலாளிகள் இதைக் காட்டி மற்றப் பெண்களை நெருக்குவார்கள் என்று பெண்கள் அமைப்புகள் கவலைப்பட்டன. எத்தனை நாள் ஓய்வெடுப்பது என்பது தாத்தியின் சொந்த முடிவு. அதன் பொது விளைவைப் பேசுவதும் நியாயம். வசதியுள்ள பெண்ணின் தேர்வு வசதியில்லாத பெண்ணின் கட்டாயமாக மாறும் இடத்தைச் சட்டென்று கண்டுகொள்வதுதான் இந்த மதிப்பீட்டின் பலம்.

தாய்மையைத் தகுதியாக மேடையில் வைப்பவர்களும் விமர்சனத்துக்கு இடம் கொடுக்கிறார்கள். ஹாக்கி ஆடும் பிள்ளையின் அம்மா என்று தம்மை அறிமுகப்படுத்தி வாக்குக் கேட்ட பேலின், அம்மா என்ற பாத்திரத்தைப் பேசாதீர்கள் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தகுதி அட்டை வெகு சீக்கிரம் மற்றப் பெண்கள்மேல் பாயும் கத்தியாகிவிடுகிறது. 2024 செப்டம்பரில் மூன்று பிள்ளைகளின் தாயான ஆர்கன்சா ஆளுநர் சாரா ஹக்கபி சாண்டர்ஸ், தம் பிள்ளைகள் தம்மைப் பணிவோடு வைத்திருப்பதாகவும், அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸுக்கு அப்படி எதுவும் இல்லை என்றும் பிரசாரக் கூட்டத்தில் சொன்னார். ஹாரிஸ், கணவரின் முதல் மணத்துப் பிள்ளைகள் இருவருக்குச் சிற்றன்னை. அவருக்காக முதலில் வாய் திறந்தவர்களில் அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாயும் ஒருவர். பிள்ளை இருந்தால் வேலை கெடும், இல்லாவிட்டால் குணம் கெடும் என்றால், பெண் தப்பிக்க வழியே இல்லை.

கேள்வி தனியொரு தாயை விட்டு அமைப்பின் பக்கம் திரும்பியபோதுதான் பலன் கிடைத்திருக்கிறது. நியூயார்க்கில் போட்டியிட்ட லியூபா கிரெச்சன் ஷெர்லி, பிரசார நேரத்தில் தம் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்குத் தேர்தல் நிதியிலிருந்து சம்பளம் கொடுக்கலாமா என்று கேட்க, கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் 2018 மே மாதம் கொடுக்கலாம் என்றது. நிதி திரட்ட முடிந்தவருக்கே அது பயன்படும். மாநில, உள்ளூர்த் தேர்தல்களுக்கு அந்தந்த மாநிலம் தனியே விதி செய்ய வேண்டும்.

2025 பிப்ரவரியில் கொலராடோவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பிரிட்டனி பெட்டர்சன், நாலு வாரக் குழந்தையை எடுத்துக்கொண்டு வாக்களிப்பதற்காக வாஷிங்டனுக்கு விமானத்தில் வந்தார். புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் வேறொரு உறுப்பினர் மூலம் வாக்களிக்க வழி வேண்டும் என்று அவரோடு சேர்ந்து நின்றவர் குடியரசுக் கட்சியின் ஆனா பவுலினா லூனா. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இருவர். சபாநாயகர் மைக் ஜான்சன் அதைத் தடுக்கக் கொண்டுவந்த தீர்மானம் ஏப்ரல் 1 அன்று 206க்கு 222 என்று தோற்றது. பின்னர் லூனாவுக்கும் சபாநாயகருக்கும் சமரசம் ஏற்பட்டது. பிரதிநிதி மூலம் வாக்கு கிடையாது. வர முடியாத உறுப்பினருக்கு இணையாக, எதிர்த்து வாக்களிக்க இருக்கும் ஒருவர் தம் வாக்கை நிறுத்திவைக்கலாம் என்ற பழைய முறைக்குத் திரும்பலாம் என்றார்கள். பெட்டர்சன் இதில் திருப்தியடையவில்லை. எதிர்த்தரப்பில் யாராவது மனமுவந்து முன்வந்தால்தான் அந்த முறை நடக்கும்.