இரண்டு ஸூறாக்களில் மாட்டிய கத்தரிக்கோல்

மாவடிப்பள்ளி மத்ரஸாப் பிள்ளைகள் வீட்டிலும் ஓதிப் பழக ஓர் இணையப் பக்கம் செய்கிறேன். அதற்காகச் சில வாரங்களாக ஓர் இலவச குர்ஆன் லைப்ரரியோடு மல்லுக்கட்டு. ஸூறா எண்ணும் ஆயத் எண்ணும் கொடுத்தால் அறபும் தமிழும் வந்து நிற்கின்றன. 114 ஸூறா, 6236 ஆயத், எல்லாம் போனுக்குள்ளேயே. டேட்டா முடிந்தாலும் கவலையில்லை. வேகத்திலும் குறையில்லை.

தலைவலி பிஸ்மில்லாஹ்வில்தான்.

லைப்ரரி எடுத்தாளும் மூலம், 2007இல் தொடங்கிய தன்ஸீல் திட்டத்தின் பிரதி. ஏராளமான குர்ஆன் செயலிகளுக்கு அதுதான் அடித்தளம். அதன் சாதாரண எழுத்துக் கோப்பில் பிஸ்மில்லாஹ் முதல் ஆயத்தோடு ஒட்டியே வரும். பாத்திஹாவில் அதுவே முதல் ஆயத். தவ்பாவில் அறவே இல்லை. மீதி 112 ஸூறாவிலும் பிரித்துத் தலைப்பில் போட வேண்டும். லைப்ரரி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வெட்டுகிறது. 110இல் சுத்தமாக வெட்டிவிட்டு, 95இலும் 97இலும் கைவிரித்துவிட்டது. இரண்டுமே சின்னப் பிள்ளைகள் முதலில் மனனம் செய்கிற அம்ம ஜுஸ்உவில் இருப்பவை!

காரணம், அந்த இரண்டிலும் 'பே'யின் மேல் ஒரு ஷத்து. பார்த்தால் தட்டச்சுப் பிழை மாதிரித்தான் இருக்கும். ஊர் ஹாபிழ் ஒருவர் முந்திய ஸூறாவையும் சேர்த்து ஓதிக் காட்டினார். 94உம் 96உம் ஸுகூன் பெற்ற 'பே'யில் முடிகின்றன. மூச்சு விடாமல் பிஸ்மில்லாஹ்வுக்குள் போனால் இரண்டு 'பே'யும் ஒன்றாகி அழுந்தும், தஜ்வீதில் இத்காம். பிரதி செய்தவர்கள் அதைக்கூடத் தவறவிடவில்லை. அந்தக் கவனத்தின் மேல்தான் லைப்ரரி குருட்டுக் கத்தரிக்கோலை வைத்திருக்கிறது. எழுதியவர் ஒரு நாளாவது ஹாபிழ் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

இத்தனைக்கும் தன்ஸீலின் எக்ஸ்எம்எல் கோப்பில் பிஸ்மில்லாஹ் ஆயத்திலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்திருந்தால் வெட்டும் வேலையே இல்லை.

எழுத்துருவிலும் பிடிவாதம். இந்திய அச்சு முஸ்ஹபில் ஓதி வளர்ந்த மூத்தவர்களுக்கு மதீனா எழுத்து வடிவம் கண்ணில் ஒட்டாது. மாற்றிக்கொள்ள இதில் வழியில்லை.

தேடல் மட்டும் அருமை. அதற்காகவே இன்னும் வைத்திருக்கிறேன். ஆயத்துகளை நேரே எக்ஸ்எம்எல்லிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால், பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் 95ஐயும் 97ஐயும் திறந்து பாருங்கள்.