ஒப்பந்தப் பட்டம்

நெய்வேலியில் 'மேனேஜ்மென்ட்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: எதிர்த்தரப்பு. சம்பளப் பேச்சுவார்த்தையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். ஷிப்ட் முடிந்து வந்து டீக்கடையில் "மேனேஜ்மென்ட் ஒத்துக்கலையாம்" என்று ஒருவர் சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. இதே ஊரில்தான், பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் 'மேனேஜ்மென்ட்' என்று தொழிலாளி பெருமையாகச் சொல்லும் காலமும் வந்தது. வாயிற்கூட்டத்தில் மேனேஜ்மென்ட்டைத் திட்டிவிட்டு, மகனை அதில் சேர்க்க சொசைட்டியில் லோன் போடுவதை யாரும் முரணாகப் பார்க்கவில்லை. நானும் இதை இரட்டைவேடம் என்று எழுதமாட்டேன். தன் வர்க்கத்தைவிட்டு வெளியேறும் ஆசை தொழிலாளிக்கு இருக்கக்கூடாது என்று சொல்ல, நாலு புத்தகம் படித்த நாம் யார்? என் கேள்வி அந்த ஆசையை விற்றவர்களைப் பற்றியது.

விற்றவர்களில் பெரிய ஆள் ஐஐபிஎம். இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிளானிங் அண்ட் மேனேஜ்மென்ட். 1973இல் தொடங்கியது, தலைமையிடம் டெல்லி, சென்னையிலும் கிளை இருந்தது. 2000க்குப் பிறகு ஆங்கில நாளேடுகளில் அது கொடுத்த முழுப்பக்க விளம்பரங்களை இன்னும் பலருக்கு ஞாபகமிருக்கும். ஐஐஎம்களைத் தாண்டி யோசிக்கத் துணிவிருக்கிறதா என்று சவால், கூடவே இலவச லாப்டாப், வெளிநாட்டுப் பயணம். அங்கீகாரம் இருக்கிறதா என்றால் அதற்கு வைத்திருந்த பதில்தான் ஆராயத்தக்க சொல்லாடல்: நாங்கள் பட்டம் தருவதில்லை, கற்பிக்கிறோம், பட்டத்தைத் தருவது பெல்ஜியத்தில் இருக்கும் ஐஎம்ஐ. ஆக, கற்பித்தவன் பட்டம் தரவில்லை, பட்டம் தந்தவன் கற்பிக்கவில்லை. நடுவில் பீஸ் கட்டியவன் மட்டும் ஒரே ஆளாக நிற்கிறான்.

நெய்வேலிக்காரனுக்கு இந்த ஏற்பாடு புதிதே இல்லை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை அள்ளும் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் என்எல்சியுடையது, பெல்ட் என்எல்சியுடையது, ஷிப்ட் நேரமும் என்எல்சி வைத்ததுதான். ஆனால் 'நீ யாரோட ஆள்?' என்று கேட்டால் அவர் காண்டிராக்டர் பெயரைச் சொல்லவேண்டும், அல்லது இன்கோசர்வ் சொசைட்டி என்று சொல்லவேண்டும். நிரந்தரம் கேட்டு அங்கே போனால் "நீ எங்க ஆளே இல்லையே" என்பார்கள். காண்டிராக்டரிடம் போனால் "என் கையில என்னண்ணே இருக்கு, அவங்க குடுத்தாத்தானே" என்பார். இந்த ஊரில் நடந்த எத்தனையோ ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தன. உழைப்பை வாங்குகிற கை ஒன்று, பொறுப்பேற்கவேண்டிய கை இன்னொன்று எனப் பிரித்துவைப்பதுதான் ஒப்பந்தமுறை. வெளிநாட்டுக் கூட்டுப் பட்டமும் அதே பிரிவினையைக் கல்விக்குள் கொண்டுவந்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே குறைச்சலாகவாவது கூலி கொடுக்கிறார்கள். இங்கே நாம் லட்சக்கணக்கில் கட்டி ஒப்பந்த ஆளாகச் சேர்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் மகன், பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றோடு கூட்டு வைத்திருப்பதாகச் சொன்ன சென்னைக் கல்லூரியில் படித்தான். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில், அரசு அங்கீகரித்த பல்கலைக்கழகப் பட்டமா என்று கேட்ட இடத்தில் மாட்டிக்கொண்டான். கல்லூரியில் போய்க் கேட்டால் "டிகிரி அங்கேருந்து வருது தம்பி, அங்கயே கேளுங்க." அங்கே எழுதினால், உள்ளூர்க் கூட்டாளியை அணுகவும் என்று இரண்டு வரி. அவனுடைய அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு இது பழகிய பதில்.

சான்றிதழை நிறுவனமயமான பண்பாட்டு மூலதனம் என்பார் பூர்தியூ. அதை வைத்திருப்பவர் தனக்குத் தெரியும் என்பதைத் தினமும் நிரூபிக்கவேண்டியதில்லை. ஒரு நிறுவனம் அவருக்காக நின்று உத்தரவாதம் சொல்கிறது. இந்தப் பட்டங்களில் உத்தரவாதம் நிற்கவேண்டிய இடத்தில் ஓர் ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. வெள்ளைக்கார ஊர்ப்பெயருக்கு நம்மிடம் இருக்கும் மவுசு மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

அதற்காக, வெளிநாட்டுப் பட்டமே மோசடி என்று சுதேசிப் பாட்டு பாட நான் வரவில்லை. நெய்வேலி அனல்மின் நிலையமே சோவியத் கூட்டில் எழுந்ததுதானே. 1962இல் ஓடத்தொடங்கிய அந்த முதல் நிலையம் 2020இல் மூடப்படும்வரை கரி எரித்தது. படிப்பிலும் உதாரணம் உண்டு. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தப் பட்டம் கிடையாது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வைத்தான் எழுதினார்கள். பாடத்திட்டத்தில் ஏகாதிபத்தியம் இருந்தது, யார் இல்லையென்றது? ஆனால் பட்டத்தில் கையெழுத்துப் போட்ட லண்டனே தேர்வையும் நடத்தியது. தேறினாலும் தோற்றாலும் அது லண்டனின் தீர்ப்பு.

எழுதுகிறவர்கள் ஐஐபிஎம் கதையில் கவனிக்கவேண்டியது வேறொன்று. 2005இல் 'ஜாம்' என்ற இளைஞர் இதழ் விளம்பரக் கூற்றுகளைச் சோதித்து எழுதியது. அதைச் சுட்டிக்காட்டி எழுதிய ஐபிஎம் ஊழியர் ஒருவர் நெருக்கடியில் வேலையைவிட்டே விலகினார். 2011இல் 'கேரவன்' இதழில் சித்தார்த்தா தேப் எழுதிய கட்டுரைக்கு எதிராக அசாமின் சில்சார் நீதிமன்றத்தில் 50 கோடி கேட்டு வழக்கு, கட்டுரைக்குத் தடை. அவருடைய நூலின் இந்தியப் பதிப்பு முதல் அத்தியாயம் இல்லாமலேயே வெளிவந்தது. 2013இல் குவாலியர் நீதிமன்ற ஆணையின்பேரில் எழுபதுக்கும் மேற்பட்ட இணையப் பக்கங்கள் முடக்கப்பட்டன. அதில் ஒன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் சொந்த அறிவிப்பு! அரசு தன் வாயைத் தானே பொத்திக்கொண்ட காட்சி. முழுப்பக்க விளம்பரத்தில் காசு பார்த்த நாளேடுகள் இதிலெல்லாம் பெரும்பாலும் மௌனம். 2014 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், எம்பிஏ, பிபிஏ, பி-ஸ்கூல் போன்ற சொற்களையே அந்த நிறுவனம் பயன்படுத்தக்கூடாது என்றது. 2015இல் வளாகங்கள் மூடப்பட்டன. படித்து முடித்தவர்களின் பணம் பற்றிப் பேச்சில்லை.

அதற்குப் பிறகு விதிகளுக்குக் குறைவில்லை. 2022 விதிகள் உரிமம் வாங்கி நடத்தும் பட்டங்களைத் தடுத்தன. 2023 டிசம்பரில், வெளிநாட்டுப் பட்டங்களை விளம்பரம் செய்யும் எட்டெக் கம்பெனிகளைப் பற்றி மானியக் குழு எச்சரித்தது. 2025 விதிகள் அப்படி வாங்கிய பட்டங்களுக்கு இணைத்தகுதி கிடையாது என்கின்றன. இன்னொரு பக்கம், 2023 நவம்பர் விதிகளின்படி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நேரடியாக வளாகம் திறக்கலாம். யாரைச் சேர்ப்பது, எவ்வளவு பீஸ் என்பதை அதுவே தீர்மானிக்கலாம், இடஒதுக்கீடு கட்டாயமில்லை. காசுள்ளவனுக்கு நேரடி வாசல் திறக்கிறது. இல்லாதவன் பின்வாசலில் வாங்கிய காகிதம் செல்லாது என்று அறிவிப்பு வருகிறது.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. காண்டிராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தரவேண்டும். பிறகு அவர் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தை விழுங்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு மிச்சமிருக்கிறது. தொழிலாளிகள் கத்திக்கத்தி வாங்கிய பிரிவு அது. நெய்வேலியில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கூட அதைச் சொல்வார். மானியக் குழுவின் விதிகளில் 'முதன்மைப் பல்கலைக்கழகம்' என்று ஒருவர் கிடையாது. கட்டிய பீஸைத் திருப்பித்தர வேண்டியவர் பெல்ஜியத்திலா, சென்னையிலா என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. நம் மாணவர் அமைப்புகள் பீஸ் குறைப்பு கேட்கின்றன, அங்கீகாரம் கேட்கின்றன. தங்கள் அப்பாக்களின் சங்கங்கள் வாங்கிய இந்தப் பிரிவை இதுவரை கேட்டதாக நான் பார்க்கவில்லை.