கேட்டுக் கட்டிய வீடுகள்

கண்டியில் 1918இல் பிறந்த கட்டிடக்கலைஞர் மினெற் டி சில்வாவை லெ கொர்பூசியேயின் தோழி என்றே பலர் அறிமுகஞ் செய்வர். பெண்ணின் ஆற்றலுக்கும் ஓர் ஆணின் நற்சான்று வேண்டும் போலும்! நாம் அவரை வத்தப்புலுவையில் காண்கிறோம். 1950களில் அரசாங்க ஊழியர்க்கென அங்கே 200க்கு மேற்பட்ட வீடுகளை வகுக்குமுன், குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்தம் வாழ்க்கை முறையையும் தேவைகளையும் கேட்டறிந்தார். கருணாரத்தின இல்லத்தில் தும்பறைப் பாய் நெசவையும் அரக்கு வேலையையும் கொங்கிறீற்றோடு இணைத்த அழகினும் இக்கேள்வியே பெரும் புதுமை என்போம்.

ஆனால், அதே மலைகளில் லயங்களைக் கட்டிய துரைமார் தோட்டத் தொழிலாளியை அவ்வாறு கேட்டதுண்டா? ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒடுங்கிய திண்ணையும் போதுமென்று தாமே அளந்தனர். அவ்வறைகளில் இன்றும் அடுப்பு எரிகிறது.