நீங்கள் எந்த ரகம்?

உங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. வெளியூர்க்காரர் ஒருவர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்கிறார். என்ன செய்வீர்கள்?

அ) ஒரு தாளில் மேப் வரைந்து கொடுப்பேன். ஆ) 'நேராப் போய் பிள்ளையார் கோயில் பக்கம் லெஃப்ட்ல திரும்புங்க' என்று வாயால் சொல்வேன். இ) தெருப் பெயர்களை வரிசையாக எழுதித் தருவேன். ஈ) 'வாங்க சார்' என்று கூடவே போய் விட்டுவிட்டு வருவேன்.

'அ' என்றால் நீங்கள் பார்த்துக் கற்கிற ரகம். 'ஆ' கேட்டுக் கற்கிற ரகம். 'இ' படித்து, எழுதிக் கற்கிறவர். 'ஈ' செய்து கற்கிறவர். (கூடப் போனவர் செய்து கற்கிறவரா, அன்றைக்கு வேலைவெட்டி இல்லாதவரா என்று யாரும் கேட்பதில்லை.) இந்த மாதிரி 16 கேள்விகள். விடைகளைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் 'லேர்னிங் ஸ்டைல்' தயார்.

இந்தக் கேள்வித்தாளின் பெயர் 'வார்க்'. நியூஸிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃப்ளெமிங் உருவாக்கியது. 1992-ல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. சந்தையில் இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். 2004-ல் ஃப்ராங்க் காஃபீல்டு தலைமையில் இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது, மாணவர்களின் கற்கும் பாணியைப் பிரிக்க 71 முறைகள் இருந்தன! அவற்றில் முக்கியமான 13-ஐ எடுத்து அலசியவர்கள், பலவற்றுக்கு அஸ்திவாரமே ஆட்டம் என்று எழுதினார்கள். அதற்காக யாரும் கடையை மூடவில்லை. 2012-ல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களைக் கேட்டபோது, அவரவர் பாணியில் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் நன்றாகக் கற்பார்கள் என்பதை முறையே 93, 96 சதவிகிதம் பேர் நம்பினார்கள்.

கவனியுங்கள், இதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒருவருக்குப் படம் பிடிக்கும், ஒருவருக்குப் பேச்சு பிடிக்கும் என்பது முதல் சங்கதி. அதில் தகராறே இல்லை. காபியா டீயா என்பது மாதிரி. ஃப்ளெமிங்கும் இதை விருப்பம் என்றுதான் சொன்னார். திறமை என்று சொல்லவில்லை. பிடித்த வழியில் பாடம் நடத்தினால் மார்க் ஏறும் என்பது இரண்டாவது சங்கதி. ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம். மாணவனுக்கும் பாடத்துக்கும் பொருத்தம் பார்க்கிறோம். வில்லங்கம் இங்கேதான்.

'கல்லூரி மாணவர்களின் கற்றல் பாணியும் கல்விச் சாதனையும்' என்பது நம் கல்வியியல் துறைகளில் அடிக்கடி கண்ணில் படுகிற ஆய்வுத் தலைப்பு. செய்முறை ரசம் வைப்பதைவிடச் சுலபம். சில நூறு மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடு. செமஸ்டர் மார்க்கை வாங்கு. இரண்டுக்கும் ஒட்டுறவு பார். 'ஆசிரியர்கள் மாணவரின் பாணியறிந்து கற்பிக்க வேண்டும்' என்று கடைசி அத்தியாயத்தில் பரிந்துரை செய்.

இதில் என்ன தப்பு? படித்து எழுதுகிற ரகம் அதிக மார்க் வாங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நம் பரீட்சையே மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிற சமாசாரம். எழுதப் பிடித்தவன் முந்துவதில் என்ன அதிசயம்? பாணிக்கு ஏற்றபடி பாடம் நடத்தியதால் மார்க் ஏறியதா என்பதல்லவா கேள்வி? அதற்கு இந்த ஆய்வில் விடை கிடையாது. ஏனென்றால் யாரும் யாருக்கும் மாற்றிப் பாடம் நடத்தவே இல்லை.

விடை வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஹெரால்டு பாஷ்லர் உட்பட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் 2008-ல் தெளிவாக எழுதினார்கள். மாணவர்களைப் படப்பிரியர், பேச்சுப்பிரியர் என்று முதலில் பிரியுங்கள். இரண்டு பிரிவிலும் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குப் படமாகவும், மீதிப் பேருக்குப் பேச்சாகவும் பாடம் நடத்துங்கள். எல்லோருக்கும் ஒரே பரீட்சை. படப்பிரியர்கள் படத்திலும், பேச்சுப்பிரியர்கள் பேச்சிலும் அதிக மார்க் எடுத்தால் கொள்கை ஜெயித்தது. இரண்டு கோஷ்டிக்கும் ஒரே பாடமுறை ஒத்துவந்தால், அந்த முறையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போகலாமே, ரகம் எதற்கு? இப்படி ஒழுங்காகச் செய்த சோதனைகளை அந்த நால்வரும் தேடிப் பார்த்தார்கள். கிடைத்தவை கொஞ்சம். அவற்றிலும் பல, கொள்கைக்கு எதிராகவே இருந்தன.

'அதெல்லாம் லேப் சோதனை சார், நிஜமான கல்லூரியில் எப்படி?' என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த 426 மாணவர்களைப் பற்றிய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மாணவர்கள் வார்க் எழுதினார்கள். உன் ரகம் இது, இப்படிப் படி என்று யோசனையும் கிடைத்தது. பெரும்பாலானோர் அதைக் கண்டுகொள்ளவில்லை, வழக்கம்போலத்தான் படித்தார்கள். சரி, ரகப்படி படித்தவர்களாவது அதிக மார்க் எடுத்தார்களா? இல்லை. கம்ப்யூட்டரில் திசுக்களைப் பார்க்கும் 'விர்ச்சுவல் மைக்ராஸ்கோப்'பை உபயோகித்தவர்களுக்கு நல்ல மார்க் வந்திருந்தது. அதற்கும் ரகத்துக்கும் சம்பந்தம் இல்லை. திசுவைப் படிக்கத் திசுவைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எப்படிக் கற்க வேண்டும் என்பதை மாணவனின் ரகத்தைவிடப் பாடம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. கல்யாணி ராகத்தை மேப் போட்டுக் காட்ட முடியாது. காதால்தான் கேட்க வேண்டும். பென்சீன் வளையத்தை வாயால் விளக்கிப் பாருங்கள், தொண்டை வறண்டுவிடும். நீச்சலுக்கு என்ன புத்தகம் வாங்கினாலும் கடைசியில் தண்ணீரில் குதித்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் அந்தக் கேள்வித்தாள் எதைத்தான் அளக்கிறது? 2017-ல் வந்த ஒரு ஆய்வில் சுவாரசியமான பதில் இருக்கிறது. படங்களையும் சொற்களையும் காட்டி, 'எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டார்கள். படப்பிரியர்கள் 'படம்தான்' என்றார்கள். சொல்பிரியர்கள் 'சொல்தான்' என்றார்கள். சோதித்துப் பார்த்தால், நிஜமாக ஞாபகம் இருந்ததற்கும் பாணிக்கும் தொடர்பில்லை. ஆக, கேள்வித்தாள் காட்டுவது நம் தன்னம்பிக்கையை. மார்க்கை அல்ல.

இது வெறும் பண்டிதர்கள் சண்டையாக இருந்தால் நாம் விட்டுவிடலாம். ஆனால், வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். 'நீ விஷுவல் லேர்னர்' என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். ஸ்டடி லீவு முழுக்க வீடியோ பார்க்கிறான். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. புரிந்த சுகத்தில் நோட்டைத் தொடவில்லை. ஹாலில் பேனாவை எடுத்தால் கை நகரவில்லை. அரியர் விழுந்ததும் என்ன சொல்வான்? 'சார் என் ஸ்டைலுக்கு நடத்தலை.' சாரும் சளைத்தவர் இல்லை: 'அவன் வேற ரகம்.' இருவருக்கும் சாக்கு கிடைத்துவிட்டது. ஃபீஸ் கட்டிய அப்பாவுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

பாணிக்காரர்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. டிக்டேஷன் கொடுத்தே வருஷத்தை ஓட்டிய வகுப்புகளில் படம், மாடல், விவாதம் எல்லாம் நுழைய அவர்களும் ஒரு காரணம். அதில் லாபம் எல்லா மாணவர்களுக்கும்தான். ரகம் பிரிக்கத் தேவையில்லை.

பின்னே எதுதான் மார்க்கைக் கூட்டும்? ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு கோஷ்டி நாலு தடவை படித்தது. இன்னொரு கோஷ்டி ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் படித்தவர்கள் 83 சதவிகிதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து? படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61! திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மாதிரிதான்.

இதை நம்ம ஊர்க்காரர் ஒருவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டிருக்கிறார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். அவரும் மாணவர்களை ரகம் பிரித்தவர்தான்: அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை. சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளிக்கு நடுத்தர இடம்தான். ஆனால், ஆட்டுக்கு ஒரு பாடமுறை, எருமைக்கு ஒரு பாடமுறை என்று அவர் வைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி அரை, அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும்.

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால், இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். 'இன்னிக்கு நடத்தினதை எனக்கு அஞ்சு நிமிஷம் சொல்லிக்கொடு' என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. சொல்பவர் நடுவில் திணறினாலும் கவலைப்படாதீர்கள். மறுபடி புத்தகத்தைத் திறக்க வேண்டிய இடம் எது என்று அப்போதுதான் அவருக்கே தெரியும்.