பாட்டிலைத் திறந்தால் தெரியும்

பீன்யாவில் பகல் முழுக்க லேத் ஓடும். கட்டிங் ஆயில் நெடி சட்டையோடு வீட்டுக்கு வரும். அந்தத் தொழிற்பேட்டை இருக்கும் பெங்களூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. சம்பளத்துக்காக இல்லாமல், ஆசைக்காகவே ஆயுள் முழுக்கப் படம் பிடித்தவர்களின் ஊர் அது.

இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பை 1953-இல் தொடங்கிய டாக்டர் ஜி. தாமஸ் இந்த ஊர்க்காரர். 1971-இல் யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி இங்கே பிறந்தது. ஓ.சி. எட்வர்ட்ஸிடம் பாடம் கேட்ட டி.என்.ஏ. பெருமாள் பறவைகளையும் காட்டு விலங்குகளையும் எடுத்தே உலகப் பெயர் பெற்றார், 2017-இல் மறைந்தார். கர்நாடக நிதியமைச்சராக இருந்த எம்.ஒய். கோர்ப்படே, கோப்புகளுக்கு நடுவிலும் கறுப்பு வெள்ளையில் காட்டைப் பதிவு செய்தவர்.

கண்காட்சிச் சுவரில் படத்தைப் பார்க்கிறோம். அதைக் காப்பாற்றிக் கொடுத்த பாட்டில்களையும் டப்பாக்களையும் பார்ப்பதில்லை. குளியலறையையே இருட்டறை ஆக்கிக்கொள்ளும் அமெச்சூரின் பக்குவம் அந்த அலமாரியில்தான் தெரியும்.

ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பருக்குக் காற்றுதான் பகை. பாட்டிலில் இடம் காலியாக இருந்தால் அது பழுப்பேறி வீரியம் இழக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கண்ணாடிக் கோலிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, மருந்தைக் கழுத்துவரை ஏற்றி மூடுவார்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாகக் காயும் என்பதால், கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பீன்யாவில் அதற்குப் பஞ்சமே இல்லை.

அடுத்தது நாற்றம். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் இருப்பது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. கண்ணாடி பாட்டிலை ஒருமுறை கழுவினால் போதும். பிளாஸ்டிக்கின் சுவருக்குள் அந்த நெடி கொஞ்சம் ஊறிவிடும். இன்று அலசினாலும் நாளை மூடியைத் திறந்தால் திரும்ப வரும். மீன் கழுவிய சட்டியைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே கணக்குதான், தலைகீழாக. மீன் வாடை காரத்தன்மை உள்ளது, புளி அதை அடக்குகிறது. இங்கே நெடியே அமிலம் என்பதால் ஆப்பசோடா வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். மூடியின் உள்ளே இருக்கும் வாஷரைக் கழற்றித் தனியாக ஊறப்போட வேண்டும், நாற்றம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். பிறகு மூடாமல் வெயிலில் காயவிடலாம்.

படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போ இருந்த பாட்டிலில் மட்டும் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றவே கூடாது. அமிலம் பட்டால் ஹைப்போ சிதைந்து கந்தக டை ஆக்ஸைடு கிளம்பும், மூச்சு முட்டும். அந்த பாட்டிலை வெறும் தண்ணீரில் பலமுறை அலசுவதுதான் வழி. மருந்து இருந்த பாட்டில் எவ்வளவு சுத்தமானாலும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

ஃபிலிம் டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் விஷயமே வேறு. அப்போது நாறுவது டின் அல்ல, ஃபிலிமே. பழைய ஃபிலிம்கள் பலவற்றின் அடித்தாள் அசிடேட். வெக்கையிலும் ஈரத்திலும் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது, அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. இறுக மூடிய டின்னில் ஆவி வெளியேற வழியில்லாமல் கேடு விரைகிறது. ஃபிலிம் சுருங்கும், சுருளும், நொறுங்கும். ஆவணக் காப்பகங்களில் இதற்கென ஒரு சோதனைத் தாள் வைத்திருக்கிறார்கள். நீலத் தாள் பச்சையாகி மஞ்சளாகும் அளவைப் பார்த்துச் சிதைவை அறிகிறார்கள்.

இந்தச் சிதைவைத் தாமதிக்கலாம், திருப்ப முடியாது. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்த ‘இந்து’ ஃபிலிமில் எடுத்த குடும்பப் படங்கள் பல வீட்டுப் பீரோக்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, வாடை வருவதை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான காகித உறைக்கு மாற்றி, முதலில் அதையே ஸ்கேன் செய்ய வேண்டும். வாடை வராதது அடுத்த மாதம்வரை காத்திருக்கலாம்.