ஆடம் ஸ்மித்துக்குச் சோறு போட்டது யார்?

நமக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைப்பது கறிக்கடைக்காரரின் கருணையால் அல்ல, அவருடைய சுயநலத்தால்தான் என்று 1776-ல் எழுதினார் ஆடம் ஸ்மித். சரி சார், கறி வாங்கியாச்சு. அதைச் சமைத்து மேஜையில் வைத்தது யாருடைய சுயநலம்? கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஸ்மித்துக்கு வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அம்மா மார்கரெட் டக்ளஸ். பொருளாதாரத்தின் தந்தை, தாயைக் கணக்கில் விட்டுவிட்டார்!

ஸ்வீடன் பத்திரிகையாளர் கேத்ரின் மார்சல் 2012-ல் எழுதிய புத்தகம் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பொருளாதார மேதைகளை எல்லாம் வம்புக்கு இழுக்கிறது. ஆங்கிலத்தில் தலைப்பே 'ஆடம் ஸ்மித்துக்குச் சமைத்தது யார்?' என்றுதான். ஒரே மூச்சில் படிக்கலாம்.

விஷயம் புதிதல்ல. 1920-லேயே பிகூ என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் சொல்லியிருக்கிறார்: ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும். அதே கை, அதே சமையல். சம்பளம்தான் இல்லை.

இன்று நடப்பது இதன் தலைகீழ். மனைவி வேலைக்குப் போகிறார். தோசை பைக்கில் வருகிறது, குழந்தை காப்பகத்துக்குப் போகிறது, ஜி.டி.பி. ஏறுகிறது. 'சேவைத்துறை வளர்ச்சி' என்று கைதட்டுகிறோமே, அதில் ஒரு பங்கு அடுக்களையிலிருந்து இடம் மாறிய பழைய வேலை. வளர்ச்சி பொய்யில்லை, ஆனால் முழுசும் புதுசில்லை.

மார்சலோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் பார்வை பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா பக்கமே நிற்கிறது. நம் ஊர்க் கதையில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா. அங்கே அவர் உழைப்புக்குச் சம்பளம் உண்டு. சாயங்காலம் தன் வீட்டுக்குத் திரும்பி அதே பாத்திரம், அதே துடைப்பம், மதிப்பு பூஜ்யம். பல வீடுகளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளிக்கு மட்டம் போடுகிறாள். நம் வீட்டுச் சுமை இறங்கவில்லை, கைமாறியிருக்கிறது. புத்தகம் இங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் தினமும் சராசரியாக 289 நிமிடம் செலவழித்தார்கள். ஆண்கள் 88. ஐயா, அவசரப்பட்டுப் பெருமைப்படாதீர்கள். இது வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டும்தான். கை வைக்காத மகாராஜாக்கள் இதில் சேர்த்தியில்லை.

கணக்குப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? கணவர் பெயரில் சொத்து வாங்க மனைவியின் வீட்டு உழைப்பும் காரணம், எனவே அவருக்கும் பங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கணக்கில் வந்தால்தான் பங்கு கேட்க முடியும்.

இதை எழுதி முடிப்பதற்குள் மேஜைக்கு இரண்டு தடவை காபி வந்தது. கட்டுரைக்கான சன்மானம் தேசிய வருமானத்தில் சேரும். காபி சேராது.