வேலைக்காரனாகலாம், தோழனாகலாகாது!

"கூச்சல்!" என்ற ஒரே சொல்லில் பங்க் ராக் இசையைத் தள்ளிவிடுகிறார்கள். பண்டிதர்கள் தள்ளுகிறார்கள், பாடகர்கள் தள்ளுகிறார்கள், பழைய மெட்டிலேயே பரவசம் கண்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டு தள்ளுகிறார்கள். கிதாரில் மூன்று கூட்டுச்சுரம் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் மேடையேறி விட்டானே என்று முகம் சுளிக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: எத்தனை கூட்டுச்சுரம் தெரிந்தபின் ஒருவனுக்கு வாய் திறக்கும் உரிமை பிறக்கிறது? அந்தக் கணக்கை எழுதி வைத்தவர் யார்?

1976-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து வேலையற்ற இளைஞர்களிடையே பரவிய இசை இது. நெடுங்காலம் குருவின் காலடியில் கிடந்தால்தான் கலை கைவரும் என்ற கட்டுப்பாட்டை அது உடைத்தது. கற்றவன், கல்லாதவன் என்ற வேலியைத் தாண்டிக் குதித்தது. குதித்தவர்களில் சிலர் கோமாளிகள், மறுப்பதற்கில்லை. சிலர் கந்தல் உடுத்தியதே கலகம் என்று எண்ணிக் காலங்கழித்தார்கள்; அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நாம் எடுத்துப் பேச விரும்புவது, அதே இசையைக் கையிலெடுத்துக் கொடுமையின் கோட்டைக்கு உள்ளேயே நின்று பாடிய ஒரு குழுவைப் பற்றி. தென்னாப்பிரிக்காவின் ஜொகனஸ்பர்க் நகரில் 1979-இல் தோன்றிய அக்குழுவின் பெயர் 'நேஷனல் வேக்'.

பெயரிலேயே பொருள் இருக்கிறது. 'வேக்' என்ற ஆங்கிலச் சொல் விழித்தெழுவதையும் குறிக்கும். இழவு வீட்டில் பிணத்தருகே விடியவிடியக் கண்விழித்துக் கிடப்பதையும் குறிக்கும். தேசத்தின் விழிப்பு என்றும் கொள்ளலாம், செத்துக்கிடக்கும் தேசத்துக்கு இழவு காத்தல் என்றும் கொள்ளலாம். எது சரி? இரண்டும் சரியாயிருந்த காலம் அது!

என்ன காலம்? 1950-இல் பிறந்த ஒரு சட்டம், பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் வெள்ளையன், கறுப்பன், கலப்பினத்தான் என்று பதிவேட்டில் எழுதியது. அதே ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், எந்தத் தெருவில் எந்த நிறத்தான் வாழலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதினாறு வயது நிறைந்த கறுப்பர் ஒவ்வொருவரும் அனுமதிப் புத்தகத்தை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும்; தகுந்த அனுமதியின்றி நகரத்தில் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். சொந்த மண்ணில், சொந்தக் காலால் நடப்பதற்குச் சீட்டு! பகுதி பிரித்த அந்தச் சட்டம் கறுப்பரை மட்டும் விரட்டவில்லை. கரும்புத் தோட்டக் கூலிகளாக 1860 முதல் நெட்டால் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களும் டர்பன் நகரத்துக் கேட்டோ மேனரில் வீடிழந்து மூட்டை கட்டினார்கள். 1913-இல் ஜொகனஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டு, சிறை சென்று, நோயோடு மீண்டு மாண்ட தில்லையாடி வள்ளியம்மையின் வயது பதினாறு. அவள் பிறந்த ஊரும் இதே ஜொகனஸ்பர்க்தான்.

1976 ஜூன் 16 அன்று, அந்நகரை ஒட்டிய சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்தார்கள். ஆட்சியாளரின் மொழியான ஆப்பிரிக்கான்ஸ் வழியே பாடங்களைப் படித்தாக வேண்டும் என்ற ஆணையை எதிர்த்தார்கள். மொழித் திணிப்பு என்றால் என்னவென்று நமது இளைஞர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பதில் துப்பாக்கியிலிருந்து வந்தது. அதைத் தொடர்ந்த மாதங்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அந்தக் குருதி காய்ந்து மூன்றே ஆண்டுகள். சொவேட்டோவிலிருந்து வந்த இரு சகோதரர்களான கேரி கோசாவும் பங்க்கா கோசாவும், கட்டடக்கலை பயின்ற ஐவன் கேடி என்னும் வெள்ளை இளைஞரோடு கைகோத்தார்கள். கேடி கிதார் வாசித்துப் பாடினார். கேரியின் கையில் பேஸ் கிதார். பங்க்காவின் கையில் முரசுக் கோல்கள். பின்னர் ஸ்டீவ் மோனி என்ற மற்றொரு வெள்ளைக் கிதார் இளைஞரும் வந்து சேர்ந்தார். இவர்கள் செய்த முதற்குற்றம் பாட்டல்ல. ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள்! வெள்ளையருக்கென்று கோடு போட்ட பார்க்டவுன் பகுதியில் ஒரே கூரையின்கீழ் உண்டார்கள், உறங்கினார்கள், பயிற்சி செய்தார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு, வேதனையான வேடிக்கை. பார்க்டவுனில் கறுப்பர் இரவு தங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தங்கலாம்! கொல்லைப்புறத்து அறையில் வேலைக்காரனாகத் தங்கலாம். சமைக்கலாம், துவைக்கலாம், எசமானின் குழந்தையைத் தாலாட்டித் தூங்கவைக்கலாம். முன்கட்டில் தோழனாகத் தங்குவதுதான் குற்றம். அப்படியானால் சட்டம் அஞ்சியது கறுப்பு உடலைக் கண்டா? இல்லை, சமத்துவத்தைக் கண்டு அஞ்சியது. அண்மை தீட்டல்ல, சரிநிகர்தான் தீட்டு! கோசா சகோதரரின் வீட்டு வாசலில் காவலர் வந்து வந்து நின்றதற்கு வேறென்ன காரணம் வேண்டும்?

இலண்டன் இளைஞன் அரசியைத் திட்டிப் பாடினால் வானொலியில் தடை வரும், தடையே விளம்பரமாகும், தட்டும் விற்கும். ஜொகனஸ்பர்க்கிலே வாய் திறக்கும் முன்பே, நால்வர் சேர்ந்து நிற்பதே எதிர்ப்பாகிவிடுகிறது. ஆகவே இக்குழுவின் பாட்டை மட்டும் தனியே பிரித்தெடுத்துத் தராசில் நிறுக்க முடியாது என்று வாதிடுவோர் உண்டு. நாம் அப்படிச் சலுகை தர விரும்பவில்லை. துணிவு வேறு, பாட்டு வேறு. துணிந்தவன் பாடியதெல்லாம் நல்ல பாட்டு என்றால் திறனாய்வுக்கு வேலையில்லை. பாட்டையும் பார்ப்போம்.

1981-இல் குழுவின் பெயரையே தாங்கி அவர்களது இசைத்தட்டு வெளிவந்தது. அதில் 'இண்டர்நேஷனல் நியூஸ்' என்ற பாட்டு நமது மதிப்பீட்டில் முதலிடத்துக்குரியது. செய்தியை மறைக்கும் அரசைப் பற்றிய பாட்டு அது. 1975-இல் தென்னாப்பிரிக்கப் படை அங்கோலாவுக்குள் புகுந்தபோது, சொந்த நாட்டு மக்களுக்கே அதைச் சொல்லாமல் மூடிவைத்த ஆட்சி அது. கறுப்பர் குடியிருப்புகளில் புகை எழுந்தால், பத்துக் கல் தொலைவில் வாழ்ந்த வெள்ளைக் குடும்பத்துக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் அது விரும்பாது. இந்த நிலையைப் பாடவந்தவர்கள் ஒப்பாரி வைக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. கிதார் ஒரே இடத்தில் முட்டிமுட்டி நிற்கிறது. அடைத்த கதவில் மோதுவதுபோல் இருக்கிறது. பேஸ் கிதாரோ அடியில் வளைந்து நெளிந்து தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. மேலே தடை, கீழே நடை! பொருளை இசையே சொல்லிவிடுகிறது. கேரி கோசாவின் விரல்களில்தான் இக்குழுவின் உயிர் இருந்தது என்பது நமது துணிபு.

எல்லாப் பாட்டும் இந்த உயரத்தில் இல்லை. ஜமைக்காவின் ரெகே தாளம் சில இடங்களில் உடம்போடு ஒட்டிய தோலாயிருக்கிறது. சில இடங்களில் இரவல் சட்டையாகத் தொங்குகிறது. பங்க் வேகமும் ஆப்பிரிக்க ஆட்ட இசையும் ஒரே பாட்டுக்குள் நுழையும்போது, இரண்டும் கைகுலுக்காமல் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கும் கட்டங்களும் உண்டு. மூன்றாண்டுகூட நிறையாத குழுவிடம் முழுமையை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை.

அதே நகரில், அதே ஆண்டுகளில், ஜானி கிளெக் என்ற வெள்ளையரும் சிப்போ மச்சூனு என்ற ஜூலு இனத்தவரும் 'ஜுலுகா' என்ற குழுவை நடத்தினார்கள். 1979-இல் அவர்களது முதல் நெடுந்தட்டு வந்தது. ஜூலு மொழியையும் ஆங்கிலத்தையும் கலந்து பாடினார்கள். அரசு வானொலியோ மொழிக்கொரு நிலையம் வைத்து மக்களைப் பிரித்தது; கலப்பு அதற்குக் கசந்தது. ஜுலுகாவும் துன்பப்பட்டது, ஆனால் நீடித்தது, உலகப் புகழும் எய்தியது. நேஷனல் வேக் ஏன் நீடிக்கவில்லை? திறமைக் குறைவென்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். ஜுலுகாவின் இசையில் கிராமத்து மரபு இருந்தது. எதிரிகூட அதைப் 'பழங்குடிப் பண்பாடு' என்று பெயரிட்டு ஒரு மூலையில் சகித்துக்கொள்ள இடமிருந்தது. நேஷனல் வேக் அந்த வசதியைத் தரவில்லை. எங்களுக்குக் கிராமமில்லை, இந்த நகரமே எங்கள் ஊர், இதன் இரைச்சலே எங்கள் மரபு என்றது. கறுப்பனை நகரத்தின் விருந்தாளியாகவே வைத்திருக்கச் சட்டம் எழுதியவர்களுக்கு, இதைவிடப் பெரிய கலகம் வேறென்ன?

இசைத்தட்டு ஏறத்தாழ 700 படிகள் விற்றன. அதற்குள் அரசின் நெருக்குதல் வந்தது; வெளியிட்ட வியா என்ற பெரிய நிறுவனம் தட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாட்டைத் தடைசெய்ய வழக்குமன்றமோ, நெடிய வாதமோ, நீதிபதியின் தீர்ப்போ தேவைப்படவில்லை. வணிகனின் அச்சம் போதுமாயிருந்தது! அடக்குமுறை என்றால் தடியும் துப்பாக்கியும் மட்டுமே நம் கண்முன் நிற்கின்றன. கிடங்கிலே பூட்டிய சரக்கு நம் கண்ணில் படுவதில்லை. அந்நாட்டு வானொலி நிலையத்தில், ஒலிபரப்பக் கூடாத பாட்டின் மேல் கூரிய கருவியால் கீறி, ஊசி ஓடாதபடி செய்துவைத்த தட்டுகள் பின்னாளில் கண்டெடுக்கப்பட்டன. கீறியவன் யாரோ ஓர் எழுத்தர். மாதச் சம்பளம், மாலையில் வீடு, மனைவி மக்கள்.

விற்க வழியில்லை, வானொலியில் இடமில்லை, மேடை கிடைத்தால் காவலர் கிடைப்பார்கள். குழு கலைந்தது.

பல ஆண்டுகள் கழிந்தன. 2012-இல் 'பங்க் இன் ஆப்பிரிக்கா' என்ற ஆவணப்படம் இவர்களை நினைவூட்டியது. 2013-இல் அமெரிக்க நிறுவனமொன்று பழைய பதிவுகளைத் திரட்டி, 'வாக் இன் ஆப்பிரிக்கா' என்ற பெயரில் வெளியிட்டது. பாராட்டுகள் குவிந்தன. வானவில் தேசம் பிறக்குமுன்பே அந்த வானவில்லாக வாழ்ந்தவர்கள் என்றெல்லாம் எழுதினார்கள். தூசி தட்டி எடுத்தது நற்பணி, நன்றி கூறுகிறோம். ஆனால் அந்த வானவில் பேச்சு நமக்கு உவப்பில்லை.

ஏன்? ஐவன் கேடி அமெரிக்கா சென்றார். தாம் கற்ற கட்டடக்கலையில் வாழ்வு அமைத்துக்கொண்டார். அவர்மீது நமக்குக் குறையில்லை. தம் நிறம் தந்த சொகுசை உதறிவிட்டுத் தோழரோடு நின்றவர் அவர்; அவர் செய்ததில் கால்பங்கு செய்யாதவர்கள் ஆயிரமாயிரம். ஆனால் கோசா சகோதரர் இருவரும், 2013-இல் அந்தப் புதுத் தட்டு வெளிவந்தபோது உயிரோடில்லை. பாராட்டைப் படிக்க அவர்கள் இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பாட்டு, எல்லாம் உண்மை. வாசற்படி தாண்டித் தெருவில் கால் வைத்த நொடியில் ஒருவன் குடிமகன், மற்றவன் சீட்டில்லாத குற்றவாளி. அதுவும் உண்மை. வீட்டுக்குள் கண்ட சமத்துவம் பொய்யல்ல. ஆனால் அது வாசல்வரைதான் செல்லுபடியாயிற்று. குழு உடைந்தபின் கேடிக்கு ஒரு தொழிலும் கடல் கடக்கும் வாய்ப்பும் மிச்சமிருந்தன. சகோதரர்களுக்கு மிச்சமிருந்தது என்ன? இந்தக் கேள்வியைக் கேளாமல் 'கலந்து வாழ்ந்த காவியம்' என்று மட்டும் பாடினால், விலை கொடுத்தவன் பெயர் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்கட்டும். முரசையும் பேஸ் கிதாரையும் சற்றுக் கூடுதலாகக் காதுகொடுத்துக் கேட்கட்டும்.

'வாக் இன் ஆப்பிரிக்கா' — ஆப்பிரிக்காவில் நடத்தல். அந்தப் பெயரைப் புதிய வெளியீட்டாளர் வெளியிலிருந்து தேடவில்லை; குழுவின் பாட்டொன்றிலிருந்தே எடுத்தார். கறுப்பர் நடப்பதற்கு அனுமதிப் புத்தகம் கேட்ட சட்டம் 1986-இல் நீக்கப்பட்டது. தெருக்களை நிறத்தால் பிரித்த சட்டம் 1991-இல். அந்தத் தட்டு அப்போதும் எந்தக் கடையிலும் இல்லை.